இருமலுக்கு ஒரு சொட்டு ரத்தம்

நம்பிக்கை: பச்சையாகச் சளி வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

உண்மை: கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸ் தொற்றிலும் சளி பச்சையாகும்.

நம்பிக்கை: ரத்தம் எடுத்துப் பார்த்தால் பாக்டீரியாவா வைரஸா என்று தெரிந்துவிடும்.

உண்மை: நெதர்லாந்திலும் நார்வேயிலும் குடும்ப மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்) பரிசோதனை செய்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் ஓர் எண் வரும். உடலில் அழற்சி எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும், எந்தக் கிருமி என்பதை அல்ல. ஃப்ளூவிலும் அது ஏறலாம். நிமோனியா தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் குறைவாகவும் இருக்கலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2014இல் தந்த வழிகாட்டுதல், நோயாளியைப் பரிசோதித்த பிறகும் ஆன்டிபயாட்டிக் தேவையா என்ற சந்தேகம் தீராதபோதுதான் இந்தப் பரிசோதனையைப் பற்றி யோசிக்கச் சொன்னது. அதன்படி, லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். 100க்கு மேல் போனால் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்கு மருந்துச் சீட்டைக் கொடுத்து, உடம்பு மோசமானால் மட்டும் வாங்கிச் சாப்பிடச் சொல்லலாம்.

நம்பிக்கை: பரிசோதனை இருந்தால் மருத்துவர்களுக்கு நிம்மதி.

உண்மை: ஆன்டிபயாட்டிக் எழுதித்தரச் சொல்லி வரும் நோயாளியிடம் “பாருங்கள், 8தான்” என்று காட்ட முடிவதை, ஆய்வுகளுக்காகப் பேட்டி காணப்பட்ட மருத்துவர்கள் பலரும் பெரிய உதவியாகச் சொல்கிறார்கள். கூடவே கவலைகளையும் சொல்கிறார்கள். பத்து நிமிடச் சந்திப்பில் கருவிக்கு நான்கு நிமிடம் போனால் பேசுவதற்கு என்ன மிஞ்சும்? செலவை யார் ஏற்பது? அடுத்த ஜலதோஷத்துக்கும் நோயாளி இதே பரிசோதனையைக் கேட்டு வந்து நின்றால்? இவற்றைப் புதுமைக்கு அஞ்சும் மனப்பான்மை என்று ஒதுக்குவது நியாயமில்லை. நோயாளி தெம்பாக இருந்து, எண் மட்டும் 45 என்று வந்தால், சமாதானம் சொல்ல வைத்திருந்த கருவியே அங்கே பயத்தைக் கிளப்பிவிடும். அப்போது மருத்துவரின் கண்ணும் காதும் ஸ்டெதாஸ்கோப்பும்தான் முடிவு சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கக் கருவிதான் ஒரே வழி.

உண்மை: 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதற்கு நல்ல பதில். 40 குடும்ப மருத்துவர்களும் 431 நோயாளிகளும் அதில் பங்கேற்றார்கள். சி.ஆர்.பி. பார்த்த மருத்துவர்கள் 31 சதவீத நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். பார்க்காதவர்கள் 53 சதவீதத்தினருக்கு எழுதினார்கள். நோயாளியிடம் பேசும் முறையில் பயிற்சி பெற்றவர்களோ 27 சதவீதத்தினருக்குத்தான் எழுதினார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் 54 சதவீதம். எல்லாக் குழுக்களிலும் நோயாளிகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தேறினார்கள். அந்தப் பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையல்ல. உங்களுக்கு எதை நினைத்துப் பயம், ஆன்டிபயாட்டிக் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று முதலில் கேட்பது. பிறகு, இந்த இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்வது. அது மூன்று வாரம் வரைகூட இழுக்கும்.