ஒரு பிள்ளைக்குச் சொறி, எத்தனை பேருக்கு மருந்து?

உங்கள் பிள்ளை இரவிலே நித்திரையின்றிச் சொறிகிறது. விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசுகிறீர்கள். ஒரு மாதத்தில் சொறி திரும்பவும் வருகிறது. மருந்து கூடாது என்கிறீர்கள். குற்றம் மருந்திலா?

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவுகளில் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். 2007ஆம் ஆண்டு அங்கு நடந்த நாடளாவிய கணிப்பில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சொறி இருந்தது. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் அது 40 வீதத்துக்கும் மேல். பீஜிச் சுகாதார அமைச்சும் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளரும் ஒன்றுசேர்ந்து 2012இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 2,051 பேர் அதிற் பங்குகொண்டனர்.

ஓரிடத்தில் வழமைபோல நோயாளிக்கும் அவரோடு நெருங்கிப் பழகுவோருக்கும் பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தனர். இன்னோரிடத்தில் சொறி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்குமே அக்களிம்பு. மூன்றாமிடத்தில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் குளிசை. (சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குளிசைக்குப் பதிலாகக் களிம்பே.) ஓராண்டின் பின், முதலிடத்தில் சொறி 36.6 வீதத்திலிருந்து 18.8 ஆகவும், இரண்டாமிடத்தில் 41.7இலிருந்து 15.8 ஆகவும் குறைந்தது. குளிசை கொடுத்த இடத்திலோ 32.1 வீதம் 1.9 ஆயிற்று! சிரங்குப் புண்களும் அங்கே பெரிதும் குறைந்தன. இது சிறு காரியமன்று. சொறிந்த புண்ணில் நுழையும் கிருமி பிள்ளையின் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

நோயில்லாதவருக்கு ஏன் மருந்து? சொறியை உண்டாக்குவது தோலுக்குள் துளைத்து முட்டையிடும், கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு பூச்சி. அது முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு கிழமை வரை கடியே தெரியாது. ஆனால் ஒரே பாயில் படுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அவர் அதைக் கொடுத்துக்கொண்டேயிருப்பார். ஊத்தைப் பிள்ளைக்குத்தான் சொறி வரும் என்பது வீண் பேச்சு. நாளுக்கு இருமுறை குளிக்கும் பிள்ளையையும் அது விடாது.

ஆகவே வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ளோர் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா என்பவற்றையும் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். களிம்பு தந்தால் எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, இடுக்குகளை விடாமல் பூசுங்கள். குழந்தைகளுக்குத் தலையிலும் பூசவேண்டுமா என்று கேட்டறியுங்கள். உடுப்பு, விரிப்புகளை மறுநாளே வெந்நீரில் தோயுங்கள். இரண்டாந்தரம் பூசச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். அதன் பின்னும் இரண்டொரு கிழமை கடி இருக்கலாம். அதற்காக மருந்தை மேலும் மேலும் பூச வேண்டியதில்லை.