தொடைக்குள் வைத்த கம்பி உடையுமா?



ஷெல் வீச்சிலோ விபத்திலோ தொடை எலும்பு முறிந்து, உள்ளுக்குக் கம்பியோ பிளேட்டோ வைத்த நிலையில் இங்கிலாந்துக்கு வந்தவர்கள் எங்களிடையே பலர். "இரும்புதானே, ஆயுளுக்கும் தாங்கும்" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர்களுக்காகவே இந்தப் பாடம்.

கம்பி ஏன் உடைகிறது?

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கோ. முதலில் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். தொடைக்குள் இருக்கும் கம்பியும் அப்படித்தான். எலும்பு பொருந்தும்வரை பிடித்திருப்பதே அதன் வேலை. அதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம் செல்லும். பொருந்திவிட்டால் பாரத்தை எலும்பு தாங்கும். கம்பி உள்ளே இருந்தாலும் பலருக்குப் பிரச்சினை இல்லை. பொருந்தாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கம்பி வளைந்து வளைந்து, ஒருநாள் முறியும் அல்லது ஸ்குரூ கழரும். கிருமித் தொற்று, சிகரெட், நீரிழிவு ஆகியவை எலும்பு பொருந்துவதைத் தடுக்கும்.

எப்போது கவனிக்க வேணும்?

1. காலை ஊன்றும்போது தொடையில் புதிதாக வலி, அல்லது இருந்த வலி கூடுதல்.
2. கால் கட்டையாதல், வளைதல், வெளிப்பக்கம் திரும்புதல்.
3. பழைய தழும்பில் வீக்கம், சிவப்பு, சீழ், காய்ச்சல்.

திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனால் 999 க்கு அழையுங்கோ. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

என்ன செய்வார்கள்?

இடுப்பிலிருந்து முழங்கால் வரை எக்ஸ்ரே எடுப்பார்கள். தொற்று இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பார்கள். தேவையென்றால் முறிந்த கம்பியை எடுத்து, தடித்த கம்பி வைப்பார்கள்; சிலருக்கு இடுப்பெலும்பில் இருந்து எலும்புத் துண்டு எடுத்தும் வைப்பார்கள்.

உங்கள் உரிமை

தஞ்ச விண்ணப்பமோ மேன்முறையீடோ முடிவாகாமல் இருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம். ஜீ.பி.யிடம் பதியப் பாஸ்போட் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ; பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைக்காதேங்கோ. வைத்தியரிடம் போவதால் வழக்குப் பாதிக்கப்படாது.

ஊரில் தந்த டயக்னோசிஸ் கார்ட், பழைய எக்ஸ்ரே இருந்தால் பத்திரப்படுத்துங்கோ. காயம் தாக்குதலால் வந்தது என்றால் சொலிசிட்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கோ, அது சாட்சியமாகலாம்.

வேறு நகரத்துக்கு மாற்றினால் ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய விலாசத்துக்கே போகும். புது விலாசத்தை உடனே அறிவித்து, புது ஜீ.பி.யிடம் பதியுங்கோ.