ஸ்டெப்னிச் சக்கரத்திற்கும் காற்று வேண்டும்

நம் சங்கங்கள் பலவற்றில் இன்று சொந்தச் சரக்கு வண்டி உண்டு. தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுவருவதற்கும், நெய்த சேலைகளையும் வேட்டிகளையும் விற்பனை நிலையங்களுக்கு அனுப்புவதற்கும், தோட்டத்துக் காய்கறிகளைப் பொழுது விடியுமுன் மண்டியில் சேர்ப்பதற்கும் அவ்வண்டியையே நம்பியிருக்கிறோம். அதன் எண்ணெய், பிரேக்கு, விளக்கு ஆகியவற்றை ஓட்டுநர் கவனிக்கிறார். தரையில் உருளும் நான்கு சக்கரங்களின் காற்றையும் அவ்வப்போது பார்க்கிறார். உருளாத ஐந்தாவது சக்கரம் ஒன்று உண்டு. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

நாமறிந்த சங்கம் ஒன்றின் வண்டி, தக்காளி ஏற்றிக்கொண்டு இரவில் மண்டிக்குப் புறப்பட்டது. பாதி வழியில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. ஓட்டுநர் கலங்கவில்லை. ஜாக்கி வைத்து வண்டியை உயர்த்தினார், ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டினார், மரைகளை முடுக்கினார், ஜாக்கியை இறக்கினார். இறக்க இறக்க, மாட்டிய சக்கரமும் பாரம் தாங்காமல் தரையோடு நசுங்கியது. அந்நேரத்தில் பங்சர்க் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. விடிந்த பின்னர், வழியே வந்த லாரியில் சக்கரத்தை ஏற்றிச் சென்று காற்றடித்து வந்தார். வண்டி மண்டியை அடைந்தபோது வியாபாரம் முடியும் தறுவாயில் இருந்தது. எஞ்சிய வியாபாரிகள் கேட்ட விலைக்கே சரக்கைக் கொடுக்க நேர்ந்தது. ஓர் இரவின் நட்டம் அங்கத்தினர் அனைவருக்கும் பங்காகி வந்து சேர்ந்தது.

ஓட்டுநரைக் குறை கூறுவது எளிது. ஆயினும் அவர் புறப்படுமுன் ஸ்டெப்னியைக் கையால் தட்டிப் பார்த்தவரே. அது கெட்டியாகத்தான் இருந்தது. சங்கத்தின் இருப்புப் பதிவேட்டிலும் ‘மாற்றுச் சக்கரம் – 1’ என்று ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தது. சக்கரம் இருந்தது; அதனுள் இருக்க வேண்டிய காற்றுத்தான் இல்லை.

காற்று எங்ஙனம் குறைகிறது?

ஓடாத டயரில் காற்று குறையாது என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை. ரப்பர் நம் கண்ணுக்குக் கெட்டியாகத் தோன்றினும், அதன் ஊடே காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. பழுதில்லாத டயரிலும் மாதத்துக்குச் சதுர அங்குலத்தில் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் குறைவது இயல்பு. அந்தக் கணக்கில், 30 பவுண்டு அடித்து வைத்த சக்கரம் ஓராண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தால் 18 பவுண்டுக்கு வந்துவிடும். வால்வில் சிறு கசிவும் இருந்தால் இன்னும் விரைவில் இறங்கும். நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டியதில்லை என்பதும் சரியன்று. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், கசியாமல் இராது.

தரையில் நிற்கும் டயரில் காற்று குறைந்தால், வண்டியின் பாரத்தால் அதன் அடிப்பாகம் பிதுங்கி, பார்ப்பவர்க்குக் குறையை ஓரளவேனும் காட்டிக்கொடுக்கும். ஸ்டெப்னியோ பாரம் சுமப்பதில்லை. பாதிக் காற்று போன பின்னும் அது வட்டமாகவே தோன்றும். தட்டினால் கெட்டியாகவே ஒலிக்கும். ஆகவே கண்ணும் கையும் இங்கே பயன்படா. காற்றழுத்தமானி ஒன்றே உண்மை சொல்லும். காற்றுக் குறைவை விளக்கெரித்து எச்சரிக்கும் புதுக் கருவிகளும், பெரும்பாலான வண்டிகளில், உருளும் சக்கரங்களையே கவனிக்கின்றன; ஸ்டெப்னியைக் கவனிப்பதில்லை.

காற்றுக் குறைந்த டயரைப் பாரத்தோடு ஓட்டினால் என்ன நேரும்? அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் ஏறுகிறது; நூலிழைகளும் ரப்பரும் பிரிகின்றன; ஈற்றில் டயர் வெடிக்கிறது. நட்டம் அப்போது சரக்கோடு நிற்பதில்லை. ஓட்டுநரின் உயிரும், உடன் செல்லும் அங்கத்தினரின் உயிரும் அதில் அடங்கியிருக்கின்றன.

பார்க்கும் முறை

முதலாவது, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அறிதல் வேண்டும். ஓட்டுநர் கதவோரத்திலுள்ள தகட்டிலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை அடிக்க வேண்டிய அளவாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, முன் சக்கரத்துக்கு ஓர் அளவும் பாரமேற்றிய பின் சக்கரத்துக்கு வேறோர் அளவும் சொல்லப்பட்டிருந்தால், ஸ்டெப்னியில் அவற்றுள் உயர்ந்த அளவையே வைத்தல் வேண்டும். எந்தச் சக்கரம் பழுதாகும் என்பதை நாம் முன்னறிய முடியாது. மிகுந்த காற்றை நடுவழியில் வால்வை அழுத்தி வெளியேற்றிக்கொள்ளலாம். குறைந்த காற்றை நடுவழியில் எங்கிருந்து பெறுவது?

மூன்றாவது, டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரில் வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மானி ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு கூட்டிக் காட்டும். நண்பகலில் சரியாகக் காட்டிய டயர் விடியற்காலையில் குறைவாகக் காட்டுவது இதனால்தான். வண்டி புறப்படுமுன், காலை வேளையே ஏற்றது.

நான்காவது, பார்த்து முடித்ததும் வால்வின் வாயில் சோப்பு நீர் சிறிது தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு என்பது பொருள். வால்வின் உள் ஊசியை மாற்றுதல் வேண்டும். பின்னர் மூடியை மறவாமல் திருகுக. மூடி இல்லாத வால்வில் மண்ணும் நீரும் புகும்.

சரக்கு வண்டிகளில் ஸ்டெப்னி பெரும்பாலும் அடித்தட்டின் கீழ்ச் சங்கிலியில் தொங்குகிறது. வால்வு மேல்நோக்கி இருந்தால் மானியை வைக்க இடமிராது. அதனாலேயே பலர் பாராது விட்டுவிடுகின்றனர். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கீழே இறக்கியே பார்க்க வேண்டும். இதில் வேறொரு நன்மையும் உண்டு. இறக்கும் பொறி துருப்பிடித்து இறுகாமல் இருக்கும். நள்ளிரவில் சங்கிலி இறங்க மறுத்தால், நல்ல ஸ்டெப்னி இருந்தும் இல்லாததே ஆகும்.

சில கார்களில் அளவில் சிறுத்த ஸ்டெப்னி வருகிறது. அதற்குப் பொதுவாக 60 பவுண்டு அழுத்தம் வேண்டும்; வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பங்சர் ஒட்டும் வரைக்குமே அது துணை. 2020-ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்ட பின்னர், டியூபில்லா டயரும் அழுத்த எச்சரிக்கைக் கருவியும் பழுது நீக்கும் பெட்டியும் உள்ள பயணியர் கார்கள் ஸ்டெப்னி இன்றியும் வரலாம். கார் வைத்திருக்கும் அங்கத்தினர் தம் வண்டியில் உள்ளது எது என்று இன்றே திறந்து பார்ப்பது நலம்.

டயரின் வயதையும் நோக்குக. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாத டயருக்கும் முதுமை உண்டு. ரப்பரில் வெடிப்புக் கண்டால் அதை நம்பலாகாது.

பெயரும் பொருளும்

ஸ்டெப்னி என்னும் சொல் வந்த வரலாறு அறியத்தக்கது. முற்காலத்து மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரமே இல்லை. டயர் பழுதானால் சாலையிலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர் இருவர் 1904-இல், காற்றடைத்த டயரோடு கூடிய வளையம் ஒன்றைச் செய்து, பழுதான சக்கரத்தின் மேல் பூட்டிக்கொள்ள வழி கண்டனர். அவர்கள் பட்டறை இருந்த ஸ்டெப்னித் தெருவின் பெயரே அதற்கு வந்தது. நம் நாட்டில் இன்றும் நிலைத்திருக்கிறது. காற்றடைத்து ஆயத்தமாக நிற்பதே அதன் சிறப்பு. காற்று இல்லையேல் அது வெறும் சுமை.

அதே 1904-ஆம் ஆண்டில்தான் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் பிறந்தது. ஆதாயத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் காப்பு நிதி சேர்க்கும் வழக்கம் நம் இயக்கத்தில் அன்றே தொடங்கியது. ஏட்டில் மட்டும் இருந்து பெட்டியில் இல்லாத நிதியைத் தணிக்கையாளர் ஒப்புவதில்லை. ஸ்டெப்னிக்கோ தணிக்கையாளர் எவரும் வருவதில்லை. அந்த வேலையை நாமே செய்தல் வேண்டும். வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் ஸ்டெப்னிக்கென்று ஒரு பத்தி ஒதுக்குக. ஒவ்வொரு மாத முதல் வாரத்திலும் மானி காட்டிய அளவை ஓட்டுநர் எழுத, செயலாளர் கையொப்பமிடுக. ஒரு மானியும் கால் மணி நேரமும் போதும்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு

1. நம் வண்டியின் ஸ்டெப்னியில் இன்று எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது? கடைசியாக அளந்தவர் யார்? எப்போது?
2. தட்டிப் பார்த்து ஸ்டெப்னியின் காற்றை அறிய முடியாதது ஏன்?
3. முன், பின் சக்கரங்களுக்குரிய இரண்டு அளவுகளில் ஸ்டெப்னிக்கு உயர்ந்த அளவைக் கொள்வது எதனால்?
4. ஜாக்கி, மரை திருகி, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை வண்டியில் உள்ளனவா? நேரில் பார்த்துச் சொல்க.