விண்தீ உருக்கிய கண்ணாடி

கொல்லிமலை நாடுகளுள் ஒன்று வாழவந்தி நாடு. அங்கே மிளகுக்கொடி நடுதற்குக் குழி தோண்டுங்கால், கருநிறமாய்ப் பளபளக்கும் கண்ணாடித் துண்டு ஒன்று வெளிப்படுவதாகக் கொள்வோம். அதனைக் கையிலெடுக்கும் சிறுவன், "இஃது என்ன?" என்று வினவுவான். நிலநூல் வல்லாரோ, "இஃது எங்கே கிடந்தது?" என்று முதற்கண் வினவுவர். அவ்வினாவின் அருமையை டெக்டைட் என்னும் கற்களின் வரலாறு காட்டும்.

பேருருவுடைய விண்கல் ஒன்று நிலத்தில் மோதுங்கால் பெருவெப்பம் பிறக்கிறது. மோதிய இடத்து மண்ணும் பாறையும் உருகி வானில் வீசப்பெறுகின்றன. பின்னர்க் குளிர்ந்து கண்ணாடியாய் உறைந்து நெடுந்தொலைவில் வீழ்கின்றன. இவையே டெக்டைட்டுகள். வானினின்று வீழ்ந்தனவேனும் இவை மண்ணின் மக்களே. உருகியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இப்பெயரை 1900-ஆம் ஆண்டில் அமைத்தவர் ஆஸ்திரிய அறிஞர் பிரான்சு எடுவர்டு சூயசு. அவரோ இவற்றை விண்ணிலிருந்தே வந்தனவாகக் கருதினார். அவர் இட்ட பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை.

அவருக்கு முன்னரே சார்லசு டார்வின் ஆஸ்திரேலியக் கல் ஒன்றைப் பெற்று ஆராய்ந்தார். பொத்தான் போன்று விளிம்பு கட்டிய அக்கல்லை எரிமலை கக்கியதெனக் கருதி, 1844-இல் தம் நூலில் வரைந்தார். அம்முடிவு பிழையே. ஆயினும், டார்லிங், மர்ரே என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட மணல்வெளியில் அது கிடைத்ததையும், அதன் அருகே எரிமலை யாதும் இன்மையையும் அவர் மறைக்காது எழுதிவைத்தார். அவர்தம் முடிவை ஐயுறுதற்கு வேண்டும் சான்றை அவர் குறிப்பே தந்தது!

இவ்வாறு பலரும் குறித்துவைத்த இடங்களைப் படத்தில் பொறித்தபோது பெரும் உண்மை புலனாயிற்று. இந்தோசீனம் முதல் ஆஸ்திரேலியா வரை பரந்து கிடக்கும் இக்கற்கள் யாவும், ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரே மோதலில் தோன்றியவை. இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றிலும் கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளாய் இவை காணப்படுகின்றன. பருத்த, அடுக்கடுக்கான துண்டுகள் இந்தோசீனப் பகுதியிலேயே மிகுதியும் கிடைத்தலின், மோதிய இடம் அப்பக்கத்ததாகலாம் என்பர். அப்பள்ளம் யாண்டுளது என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

பள்ளமும் கண்ணாடியும் ஓரிடத்தே காண விரும்புவோர் மகாராட்டிர மாநிலத்து லோணார் ஏரிக்குச் செல்லலாம். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுடைய அப்பள்ளம், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுப் பாறையில் விண்கல் மோதியதால் அமைந்தது. நெடுங்காலம் பலர் அதனை எரிமலை வாய் என்றே எண்ணினர். மோதலின் அழுத்தத்தால் கண்ணாடித் தன்மையுற்ற கனிமங்களும் உருண்டை மணிகளும் அங்குள்ளமை 1973-இல் வெளியிடப்பட்ட ஆய்வால் தெளிவாயிற்று. இவை பள்ளத்தை அடுத்தே கிடப்பன. ஆதலின் டெக்டைட் எனப்படாமல் மோதற் கண்ணாடி எனப்படும். லோணார் இன்று காக்கப்பெறும் இடமாதலின், கண்டு மகிழ்தலன்றி அங்குள்ள கற்களைக் கவர்ந்து வருதல் தகாது.

இனி, வாழவந்தி நாட்டுச் சிறுவனின் துண்டுக்கு வருவோம். அது டெக்டைட்டாக இருத்தல் அரிதினும் அரிது. உடைந்த புட்டியின் சில்லாகலாம். இரும்பு உருக்குங்கால் கழியும் கிட்டமாகலாம். சேலத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி பண்டே இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றதன்றோ? காந்தம் அதனை நன்கு ஈர்ப்பின் டெக்டைட் அன்று என்று தள்ளலாம். ஈர்க்காவிடினோ, கண்ணால் மட்டும் துணிதல் இயலாது. ஆய்வுக்கூடத்தார் அதன் நீரளவையும் வேதியியற் கூறுகளையும் நோக்கியே தெளிவர். டெக்டைட்டில் நீர் மிகமிகக் குறைவு.

அதுகாறும் அச்சிறுவன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எடுத்த நாள், சரிவின் பெயர், அருகுள்ள ஓடை, குழியின் ஆழம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கல்லுடன் ஒரே பையில் இட்டு வைத்தல் வேண்டும். தாளின்றேல் அக்கல் எவ்வூர்க் கல்லோ என்றாகிவிடும். தாளோடு கூடியதாயின், அது கிட்டமாகவே முடியினும், அச்சரிவில் ஒருகால் உலை எரிந்தது என்பதற்கு அதுவே சான்றாகலாம்.