பூஸ்டரைப் பிடுங்கிய பிறகு வந்த படம்

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 241 ரன் எடுத்து, உலகக் கோப்பை இறுதியாட்டம் சூப்பர் ஓவருக்குப் போயிற்று. சந்தா கட்டாதவர்களும் பார்க்கலாம் என்று அன்றைய ஆட்டத்தைச் சேனல் ஃபோர் இலவசமாகக் காட்டியது. அதே நாளில் சில்வர்ஸ்டோன் கார் பந்தயமும் இருந்ததால் நடுவில் கொஞ்ச நேரம் அதன் துணைச் சேனலான மோர் ஃபோருக்கு மாற்றினார்கள். தெற்கு லண்டனில் தோர்ன்டன் ஹீத்தில் இக்கட்டுரையாளர் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆர்ச்சர் பந்தைக் கையில் வாங்கிய நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் உறைந்தது. அப்புறம் நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு. இரண்டு அணியும் சூப்பர் ஓவரிலும் 15 எடுத்து, பவுண்டரிக் கணக்கில் இங்கிலாந்து கோப்பையை வாங்கியதை அந்த ஏழு பேரும் ரேடியோவில்தான் கேட்டார்கள்.

அந்த வீட்டின் பின்னறை ஜன்னலைத் திறந்தால் கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் தெரியும். 219 மீட்டர் உயரம். 1956இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய இடம். லண்டன் மாநகர் முழுவதற்கும் படம் அனுப்புகிற கோபுரம். வீட்டிலிருந்து அங்கே நாலு கிலோமீட்டர்கூட இல்லை. ஆற்றங்கரையில் குடியிருந்தும் குடத்தில் தண்ணீர் இல்லாத கதை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

தவறு தோர்ன்டன் ஹீத்தில் தொடங்கவில்லை. அதற்கு வேர் தூத்துக்குடியில் இருக்கிறது. எண்பதுகளில் கட்டுரையாளரின் அப்பா மொட்டைமாடியில் ஜிஐ பைப்பை நட்டு, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டி, கடலைத் தாண்டி வந்த இலங்கை ரூபவாகினியைப் பிடித்தவர். 1982இல் தொடங்கிய அந்த ஒளிபரப்பு, தமிழகக் கடலோர ஊர்கள் பலவற்றில் தூர்தர்ஷனுக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. மாடியில் நின்று அப்பா பைப்பைத் திருப்புவார். “வருதாலே?” என்று மேலிருந்து குரல் வரும். “இல்லப்பா, மழ மாதிரி பெய்யுது!” என்று கீழேயிருந்து மகன் கத்துவான். படம் மங்கினால் பைப்பை உயர்த்து, அதற்கும் மசியாவிட்டால் பூஸ்டர் போடு. தெருவே அப்படித்தான் செய்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய அலைக்கு அந்த வைத்தியம் சரி.

அந்த வைத்தியத்தைத்தான் கோபுரத்தின் காலடியில் குடியிருந்துகொண்டு கட்டுரையாளர் செய்தார்.

2019 வசந்தத்தில் அந்தப் பழைய வீட்டை வாங்கியபோதே சில சேனல்களில் படம் உடைந்துகொண்டிருந்தது. ஆன்டெனா மாட்டுகிறவர் ஒருவரை அழைத்தார். வந்தவர் ஏணியிலிருந்து இறங்கும்போதே ‘சிக்னல் வீக்’ என்று முடிவு சொல்லிவிட்டார். மீட்டர் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. எல்லா அலைவரிசையையும் பிடிக்கும் வைட்பேண்ட் ஆன்டெனா ஒன்று, பெட்டியில் 100 எலிமென்ட் (குறுக்குக் கம்பி) என்று அச்சிட்டது, புகைபோக்கியில் ஏறியது. அதன் கம்பத்திலேயே ஒரு பூஸ்டர். அதற்கு மின்சாரம் கொடுக்க டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி. 240 பவுண்ட். இரண்டு வாரத்தில் நிலைமை முன்பைவிட மோசமானது. மறுபடி அழைத்தால் ‘இன்னும் பெரிய பூஸ்டர் போடலாம்’ என்றார். பணம் போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கும் சுடுகிறது.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். மங்கலாகவாவது ஆள் தெரிவார். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. இருந்தால் கண்ணாடி போன்ற படம், இல்லையென்றால் கட்டங்கள், பிறகு வெறுமை. சிக்னல் குறைந்தாலும் படம் உடையும், மிஞ்சினாலும் உடையும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கோயில் கொடையில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியின் வாயில் காதை வைத்தால் பாட்டு கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். டிவிக்குள் இருக்கும் ட்யூனருக்கும் அப்படித்தான். தாங்க முடியாத அளவு சிக்னல் வந்தால் அது திணறி, இல்லாத அலைகளைத் தானே உண்டாக்கி, நல்ல சேனல்களின் மேல் கொட்டும். கணக்கும் எளிது. 20 டெசிபெல் பூஸ்டர் என்றால் சிக்னலின் சக்தி 100 மடங்கு. அப்படி இரண்டு பூஸ்டர் வரிசையாக இருந்தால் 10,000 மடங்கு. இந்த வீட்டில் இரண்டு இருந்தன. அது தெரியவரக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கண்டுபிடித்தது மனைவி. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை வேக்குவம் கிளீனர் சொருக இடமில்லாமல், டிவிக்குப் பின்னாலிருந்த குட்டிப் பெட்டியைப் பிடுங்கினார். “ஏங்க, இங்க வந்து பாருங்க, படம் அப்படியே நிக்குது!” என்று கூப்பிட்டார். மின்சாரம் இல்லாத பூஸ்டர் வருகிற சிக்னலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், கொஞ்சம்தான் கசியும். கோபுரம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அந்தக் கசிவே வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. டிவியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் வலிமை 100இல் முட்டிக்கொண்டு நிற்க, தரம் 0க்கும் 30க்கும் இடையே குதிக்கும். இப்போது வலிமை இறங்கியிருந்தது. தரம் 100இல் ஆடாமல் நின்றது. அந்தப் பக்கத்தில் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் இருப்பதே அதற்காகத்தான். வலிமை உச்சத்தில் இருந்து தரம் தள்ளாடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஸ்டரை.

இரண்டாவது பூஸ்டர் பரணில் இருந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே போனபோது கூரையடிப் பஞ்சுக்குக் கீழே, முந்தைய வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டி, பச்சை விளக்கு எரிந்தபடி. அவரைக் குறை சொல்ல முடியாது. 2002இல் ஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியபோது அனலாக் ஒளிபரப்புக்கு இடைஞ்சல் வராமல் இருக்க டிஜிட்டலைக் குறைந்த சக்தியில்தான் அனுப்பினார்கள். அப்போது பல வீடுகளுக்குப் பூஸ்டர் தேவைப்பட்டது. 2012 ஏப்ரல் 18 அன்று கிரிஸ்டல் பேலஸில் அனலாக் முழுதாக நின்றது. டிஜிட்டலின் சக்தி பல மடங்கு உயர்ந்து 200 கிலோவாட் ஆயிற்று. சக்தி கூடியது, பரணில் பூஸ்டர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பழைய வீடு வாங்கியிருந்தால் உங்கள் பரணிலும் ஒன்று இருக்கக்கூடும். இன்றே ஏறிப் பாருங்கள்.

இனி ஆன்டெனா. கடைக்காரர் விற்க விரும்புவது எல்லாவற்றையும் பிடிக்கும் வைட்பேண்ட். ஒரே சரக்கை எல்லா ஊருக்கும் விற்கலாம் என்பது அவருடைய வசதி. வீட்டுக்காரருக்குத் தேவை தன் கோபுரத்துக்கு ஏற்றது. கிரிஸ்டல் பேலஸின் ஆறு முக்கியச் சேனல் தொகுப்புகளும் 22, 23, 25, 26, 28, 30 என்ற அலைவரிசை எண்களில், அதாவது 478 முதல் 550 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. 21 முதல் 37 வரை பிடிக்கும் ‘குரூப் ஏ’ ஆன்டெனா போதும். தண்டின் நுனியில் சிவப்பு மூடி இருந்தால் அது குரூப் ஏ; மஞ்சள் பி, பச்சை சிடி, சாம்பல் கே, கறுப்பு வைட்பேண்ட். 2013இல் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியை மொபைல் 4ஜிக்குக் கொடுத்தார்கள். 2020க்குள் 700 பகுதியையும் காலி செய்தார்கள். வைட்பேண்ட் ஆன்டெனா அந்த மொபைல் அலைகளையும் சேர்த்து வாரும். பூஸ்டர் அவற்றையும் பெருக்கி டிவிக்குள் தள்ளும். குரூப் ஏ அந்தப் பக்கம் அவ்வளவாகக் காதுகொடுக்காது.

செப்டம்பரில் வேறொருவர் வந்தார். முதலில் மீட்டரை எடுத்தார். டிவிக்குப் போகும் இடத்தில் 45க்கும் 65க்கும் இடைப்பட்ட டெசிபெல்-மைக்ரோவோல்ட் இருந்தால் நல்லது என்றார். பூஸ்டரோடு வந்தது அதற்கு எங்கேயோ மேலே. பத்து எலிமென்ட் குரூப் ஏ ஒன்றை மாட்டினார். பெரிய ஆன்டெனாவும் பூஸ்டரும் கீழே இறங்கின. இரண்டு அறைக்குப் பிரிக்க மின்சாரம் வேண்டாத சாதாரண ஸ்பிளிட்டர். அதில் நாலு டெசிபெல் போகும், போனால் நல்லதுதான். அதற்கும் மேல் மிஞ்சியதைக் குறைக்க ஐந்து பவுண்ட் அட்டெனுவேட்டர் ஒன்று. சிக்னலைக் குறைக்கும் கருவியைக் காசு கொடுத்து வாங்குவது தூத்துக்குடியில் வளர்ந்த மனதுக்கு லேசில் ஒப்பவில்லை. ஆனால் சரியான கருவி அதுதான்.

கேபிளையும் அவரே மாற்றினார். ‘லோ லாஸ்’ என்று பெயர் போட்டு விற்கும் மலிவான பழுப்புக் கேபிளில் உள்ளே பின்னல் கம்பி சல்லடைபோல் இருக்கும். தெருவின் இரைச்சலெல்லாம் அதன் வழியாக நுழையும். செம்புத் தகடும் செம்புப் பின்னலும் இரண்டுமாகச் சுற்றிய, டபிள்யூஎஃப் 100 போன்ற கேபிளை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. கோபுரத்தை நோக்கித் திருப்புவது, கிரிஸ்டல் பேலஸ் என்பதால் எலிமென்ட்களைப் படுக்கைவாட்டில் வைப்பது, கடைசியில் டிவியை ரீட்யூன் செய்வது. சின்ன ரிலே கோபுரங்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக வைக்க வேண்டும். பல ரிலேக்களில் பாதித் தொகுப்புகளே வரும் என்பதால் பெரிய கோபுரம் எட்டுகிற வீட்டில் ரிலேயைப் பார்க்க வேண்டியதில்லை. கோபுரத்திலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி, மலைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கம்பத்தின் உச்சியில் பூஸ்டர் நியாயமானது. லண்டனுக்குள் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு நியாயம் கட்டுரையாளருக்குத் தெரிந்து இல்லை.

“இதெல்லாம் எதுக்கு மச்சான், இன்டர்நெட்டிலயே பாருங்க” என்று மைத்துனர் அன்று சொன்னார், இன்றும் சொல்கிறார். நேரலை பார்க்க டிவி லைசென்ஸ் எப்படியும் கட்டியாக வேண்டும். 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்ட் ஆயிற்று. கட்டின பிறகு காற்றில் இலவசமாக வருவதை எதற்கு விட வேண்டும்? எழுபத்தெட்டு வயது மாமியார் பாஸ்வேர்ட் கேட்காத ஒரு பெட்டியில் 4ஐ அழுத்தினால் சேனல் ஃபோர் வருகிறது. குறைந்தது 2034 வரை இந்த ஒளிபரப்பு தொடரும் என்று அரசே சொல்லியிருக்கிறது. அதுவரை அந்தச் சிவப்பு மூடி ஆன்டெனா புகைபோக்கியில்தான் இருக்கும்.

2021 பிப்ரவரி 5, லண்டனில் அதிகாலை நாலு மணி. ஊரடங்குக் காலம், வெளியே உறைபனி. இந்தியாவில் இங்கிலாந்து ஆடும் டெஸ்ட் தொடரைச் சேனல் ஃபோர் வாங்கியிருந்தது. 2005க்குப் பிறகு இங்கிலாந்தின் டெஸ்ட் ஆட்டம் இலவசச் சேனலில் நேரலையாக வந்தது அப்போதுதான். தொடங்கிய இடம் சேப்பாக்கம். கட்டுரையாளர் தேநீரோடு உட்கார்ந்து, முதலில் மெனுவைத் திறந்து தரம் 100 என்று பார்த்துக்கொண்டார். அடுத்த ஆட்டமும் அங்கேயே. 15ஆம் தேதி அஸ்வின் தன் சொந்த மைதானத்தில் சதம் அடித்தபோது மறுமுனையில் சிராஜ் தன் சதம்போலத் துள்ளினார். ஒரு கட்டமும் உடையவில்லை. பூஸ்டர் இரண்டும் செருப்பு டப்பாவில், முதல் ஆளின் 240 பவுண்ட் ரசீதோடு, தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கின்றன.