ஒரே பெயர், இரண்டு கணக்கு

கண்டி நகரில் ஒரு கடை, அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கிளை என்று வியாபாரம் பெருகுவது மகிழ்ச்சியான விடயம். ஆனால் இரண்டு இடத்திலும் தனித்தனிக் கணனியில் கணக்கு வைத்துவிட்டு, பின்னர் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நான் அறிந்த ஒரு பலசரக்கு வியாபாரியின் இரண்டு கடைகளிலும் 'எம். பாரூக்' என்ற பெயரில் கடன் கணக்கு இருந்தது. ஆட்கள் வேறு. கணனியோ பெயரைப் பார்த்து இருவரையும் ஒருவராக்கிவிட்டது. ஒருவருடைய பாக்கியை மற்றவரிடம் கேட்டார்கள். பல வருட வாடிக்கையாளர் அன்றோடு வரவை நிறுத்திக்கொண்டார். முஹம்மத் என்பதை 'எம்' என்று சுருக்கி எழுதும் நம் சமூகத்தில் இது யாருக்கும் நடக்கலாம்.

சரக்கிலும் இதே கதைதான். ஒரு கடையில் 'பருப்பு 50' என்றால் கிலோ. மற்றக் கடையில் 'பருப்பு 6' என்றால் மூடை. கூட்டினால் 56. அது கிலோவுமில்லை, மூடையுமில்லை!

உலக வர்த்தகமும் இதைச் சந்தித்திருக்கிறது. நமது கறுவாவும் வேறு நாடுகளின் கசியாப் பட்டையும் பல சந்தைகளில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. 2007ஆம் ஆண்டின் சர்வதேச சுங்கக் குறியீட்டில், அரைக்காத இலங்கைக் கறுவாவுக்கு 0906.11 என்றும், அரைக்காத ஏனையவற்றுக்கு 0906.19 என்றும் தனித்தனி இலக்கம் கொடுத்தார்கள். சந்தையில் பெயர் அப்படியே இருக்கிறது. இலக்கம் பிரித்துக் காட்டுகிறது.

மென்பொருள் எழுதுபவர்களின் வழியும் இதுதான். இரண்டு தரவுத்தளங்களிலும் 'வாடிக்கையாளர்' என்ற பெயர் இருந்தால், ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் இடத்தைச் சேர்த்துவிடுவார்கள். நாமும் இப்படிச் செய்யலாம்:

1. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடையின் அடையாளத்தோடு ஓர் இலக்கம் கொடுங்கள். 'கண்டி-114', 'அக்குறணை-114' என்றால் இரண்டும் மோதாது.

2. பொதிசெய்த பொருட்களுக்கு 13 இலக்க பார்கோட் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். மூடைச் சரக்குக்கு நீங்களே இலக்கம் கொடுத்து, பக்கத்தில் அளவையும் எழுதுங்கள்.

3. பழைய பெயர்களை அழிக்க வேண்டாம். பழைய பெயர், எந்தக் கடை, புதிய இலக்கம் என்று மூன்று நிரல்களில் ஒரு பட்டியல் வையுங்கள். பழைய பில்லோடு ஒருவர் வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

4. இரண்டு கடையிலும் கணக்கு வைத்திருப்பவர் உண்மையில் ஒருவர்தானா என்பதைக் கணனியிடம் விடாதீர்கள். அவரிடமே கேட்டு, தொலைபேசி இலக்கத்தை ஒப்பிட்டு, அதன் பிறகு சேருங்கள்.

கணக்கைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு பட்டியலையும் அச்செடுத்து, கடையில் நெடுங்காலம் இருக்கும் காசாளரோடு ஒரு நாள் உட்காருங்கள். எந்தப் பாரூக் யார் என்பது அவருக்குத் தெரியும்.