கவச உடைக்குள் போகும் பிள்ளைகளுக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள் நான். 2020இலும் 2021இலும் கொரோனா வார்டில் இருந்தேன். இப்போது நர்ஸாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அடுத்த தொற்று வரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

1. பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. நடுராத்திரியில் எழுந்து காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, வாசனை தெரிகிறதா என்று மோந்து பார்ப்பேன். ஒரு நைட் டூட்டியில் சின்னப் பெண் ஒருத்தி, "அக்கா, கை நடுங்குது" என்றாள். "எனக்கும்தாண்டி" என்றேன். அதன்பிறகு ஒருத்தி மருந்தின் அளவைப் படிக்க, மற்றவள் சரிபார்க்க, ஊசி ஏற்றினோம். சொல்லாமல் வைத்திருந்தால் அந்த நடுக்கத்தோடு தனியாகத்தான் ஊசி போட்டிருப்பாள்.

2. கவச உடையைப் போடும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கும். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல், வேர்வையில் ஊறியபின் கழற்றுகிற நேரம்தான் ஆபத்து. ஒருத்தி பார்த்துச் சொல்லட்டும், மற்றவள் கழற்றட்டும். இடையிடையே கையைச் சுத்தம் செய்யுங்கள். என்95 முகக்கவசம், நோயாளி அறையை விட்டு வெளியே வந்த பிறகு, கடைசியாகக் கழற்றுங்கள். ஒழுங்காகக் கழற்றினோம் என்ற நிச்சயம் இருந்தால்தான் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க மனம் வரும்.

3. கவசம் பற்றாக்குறை என்றால் கேளுங்கள், எழுதியும் கொடுங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில், பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினி நிபா வைரஸ் தொற்றில் இறந்தார். வந்திருப்பது நிபா என்று தெரியும் முன்பே அவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அவரைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. காய்ச்சலோடு யார் வந்தாலும் முதல் நாளே பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கும்பிடுவதைப் போலத்தான் கைதட்டலும், அது கவசம் ஆகாது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே நமக்காகக் கைதட்டியது. அடுத்த சில நாளில் என் தோழியை வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார்.

4. கட்டில் கிடைக்காமல், ஆக்சிஜன் கிடைக்காமல், தாமதமாக வந்து இறந்தவர்களை உங்கள் கை செய்த குற்றமாகச் சுமக்காதீர்கள். 2021 மே மாதத்தில் ஒரு பெரியவருக்கு நான் செய்ய முடிந்தது, மகளின் வீடியோ காலை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தது மட்டும்தான். அவரால் பேச முடியவில்லை. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். டூட்டி முடிந்ததும் என்னை மாற்றிவிட வந்த சிஸ்டரிடம் அவர் பெயரைச் சொல்லி அழுதேன். அழுதது நல்லதாயிற்று.

5. சாப்பிடாமல் டூட்டிக்குப் போகாதீர்கள்.

6. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையா, வார்டு வாசலில் நெஞ்சு படபடக்கிறதா, மனநல மருத்துவரைப் பாருங்கள். வார்டு அலமாரியிலிருந்து தூக்க மாத்திரை எடுத்து நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நமக்கு ஒரு கண்ணி. 14416, டெலி மானஸ் எண், ராத்திரியிலும் கூப்பிடலாம். 2022இல்தான் வந்தது, எங்களுக்கு அப்போது இல்லை.

7. கழிவுப் பையைக் கட்டுகிற அம்மாவும் அதே அறைக்குள்தான் வருகிறார். அவருடைய முகக்கவசம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். எங்கள் வார்டில் இருந்த அம்மாவிடம் கேட்காமல் விட்டோம். அவருக்குக் காய்ச்சல் வந்தது மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.